சும்மா உட்கார்ந்த வேலை

தகடு வெட்டும் மெஷினில் என் வலது ஆள்காட்டி விரல் அறுபட்டபோது ரத்தத்துக்குக்கூட நான் பயப்படவில்லை. மடக்கச் சொன்னார்கள், விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குத்தான் பயந்தேன். நாங்கள் நரம்பு என்று சொல்வதை டாக்டர் தசைநாண் என்றார். தைத்து, புறங்கைப் பக்கம் மாவுக்கட்டு வைத்தார். "கூடற வரைக்கும் இந்தக் கையால எதையும் பிடிக்காதீங்க. வலி சீக்கிரம் போயிடும், அப்பதான் ஏமாந்துடுவீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு எங்கள் ஊர் பாகலூருக்கு வந்துவிட்டார்.

"வேலை ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. பஸ்ல வந்து ஆபீஸ்ல சும்மா உக்காரு. சம்பளம் பிடிக்க மாட்டாங்க."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. காண்ட்ராக்ட் ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் உருகிப் போனேன். மடையன்.

காரணம் கேன்டீனில்தான் தெரிந்தது. அடிபட்டவன் வீட்டில் படுத்தால் அது விபத்து. வந்து வருகைக்குப் பஞ்ச் வைத்துவிட்டால் விபத்தே நடக்கவில்லை. அவர்கள் கணக்குக்கு நான் ஒரு நாற்காலியில் இருந்தால் போதும். தெரிந்த பிறகும் போனேன். வராதவனை அடுத்த முறை எடுக்க மாட்டார்கள். விரல் பிழைக்க வீட்டில் கிடக்க வேண்டும், வேலை பிழைக்கப் பஸ் ஏற வேண்டும்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் உட்கார இடமில்லை. இடது கையில் சாப்பாட்டுப் பை. சிப்காட் திருப்பத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தார். விழப்போகிற உடம்பு டாக்டர் சொன்னதையா யோசிக்கும்? வலது கை கம்பியைப் பிடித்தது. உள்ளே ஏதோ விட்டுப்போனது. அவ்வளவாக வலிக்கவில்லை. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, அந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

அறுந்த முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது, மறுபடி தைத்தாலும் மடங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தைத்தார்கள். மடங்கவில்லை. ஆப்பிள் கொண்டுவந்தவர் போனை எடுப்பதில்லை. காண்ட்ராக்டும் முடிந்துபோனது.

இப்போது மற்ற கம்பெனி வாசல்களில் நிற்கிறேன். போன வாரம் ஆள் எடுப்பவர் கையை மடக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். எங்கே அடிபட்டது என்று கேட்டார். கம்பெனி பேரைச் சொன்னேன்.

"பொய் சொல்லாதீங்க. அங்க ஆக்சிடென்ட்டே ஆனதில்லைன்னு அவார்டு வாங்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.