இந்தக் கோடையில் எதை மறப்பது

ஆஸ்திரேலியாவின் நாட்டிமுக் ஊரில் நோலீனுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று யாராவது சொன்னால், அது அவளைக் குறைத்துப் பேசுவதாகும். அறுவடைக் காலத்தில் கோதுமைக் கிடங்குக்கு வரும் லாரிகளை எடை போடும் மேடை அவள் பொறுப்பில் இருந்தது. தகரக் கூண்டின் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். வண்டி யாருடையது, காலியாக என்ன எடை, ஓட்டுகிறவன் போன வருடத்தைவிட எவ்வளவு பெருத்திருக்கிறான் என்பதெல்லாம் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு லாரி வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் கனத்து நின்றது. "சீட்டுக்கு அடியில நாய் தூங்குது பாரு, இறக்கு" என்றாள். நாய் இறங்கியது. முள் இன்னும் சரியான இடத்துக்கு வரவில்லை. "குட்டியையும் இறக்குப்பா" என்றாள். ஊரே சத்தியம் செய்யும், நடந்த கதை.

அப்படிப்பட்டவள், ஒவ்வொரு கோடையிலும் கேரவனை, சக்கரம் வைத்த அந்தச் சின்ன வீட்டை, காரின் பின்னால் பூட்டிக்கொண்டு ரோப் கடற்கரைக்குப் போகும்போது, ஏதாவது ஒரு பொருளை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். வருடா வருடம். தவறாமல்.

முதல் தடவை நிஜமாகவே மறந்தாள், அதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா விட்டுப்போன கேரவன் அது. பாலாடை நிறம், இடுப்பில் ஒரு பச்சைக் கோடு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட பெண்மணிகளை எடைமேடையில் ஏறச் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் தனியாக ரோப் வரை ஓட்டிப் போய், கேரவன் முகாமில் தனக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், கித்தான் பந்தலுக்கு முளை அடிக்க ரப்பர் சுத்தியல் இல்லை. ஒரு கல்லைத் தேடிக் கொண்டிருந்தபோது, பக்கத்து இடத்துக்காரன் வந்து நின்றான். நெவில். மவுண்ட் கேம்பியரில் பைன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. இடது கையில் ஒரு விரலின் பாதியை ஆலைக்குக் கொடுத்திருந்தான்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு சுத்தியல்" என்று நீட்டினான். "உங்க ஊர்ல கல்லுதானோ?"

"எங்க ஊர்ல ஆளுங்க தலையே போதும். ஒருத்தனையும் கூட்டிட்டு வரல."

அவன் சிரித்தபோது பக்கத்து மரத்திலிருந்த மாக்பை பறவைகள் பறந்தன. அவ்வளவுதான் விஷயம். சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் கையோடு கொடுக்க முடியுமா, மேலே ஒரு துண்டு கிறிஸ்துமஸ் கேக் வைத்துக் கொடுத்தாள். கேக் வந்த தட்டை அவன் திருப்பிக் கொடுக்கும்போது தட்டு காலியாக வருமா, இறால் வந்தது. இறாலைத் தனியாக உரிப்பதைவிட இரண்டு பேராக உரித்தால் சீக்கிரம் முடியும். முடியவில்லை; பேச்சில் இருட்டிவிட்டது. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. கடைசி நாள் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று கை குலுக்கினார்கள்.

அடுத்த வருடம் சாமான் ஏற்றும்போது சுத்தியல் கைக்கு வந்தது. நோலீன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல அலமாரியிலேயே திரும்பக் கிடத்தினாள்.

அதிலிருந்து வசந்தம் பிறந்ததுமே அவளுக்கு இதே யோசனைதான். மற்றப் பெண்கள் விருந்துக்குத் தொப்பி தேர்ந்தெடுப்பதுபோல, இவள் மறக்க வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்தாள். தீப்பெட்டி உதவாது, கொடுத்தால் கொடுத்ததுதான். படுக்கை விரிப்பு கேட்க முடியாது, கேட்கிறவள் முகம் என்ன ஆவது. வாங்கித் திருப்பி மறுபடி வாங்கும்படி இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை முகாமின் குழாயோடு இணைக்கும் பித்தளைத் துண்டு ஒரு வருடம். மட்டம் பார்க்கும் குமிழிக் கட்டை ஒரு வருடம். டின் திறப்பான் போன கோடை. வேளைக்கு ஒரு டின், வேளைக்கு ஒரு நடை. அதுதான் எல்லாவற்றிலும் சிறந்த கோடை, கடைசி நாள் வரை.

கடைசி நாள் நெவில் தன் கேரவனைக் காரில் பூட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னான்: "இத வித்துடலாமான்னு பாக்கறேன் நோலீன். முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. அடுத்த வருஷம் வருவேனோ என்னவோ."

நோலீன் "ஓ" என்றாள்.

ஒரு முழு வருடம் அந்த 'ஓ' அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. எத்தனையோ சொல்லியிருக்கலாம். தொலைபேசிப் புத்தகம் மவுண்ட் கேம்பியர்ப் பக்கத்தில் தானாகவே விரிகிற அளவுக்குப் பழகிவிட்டது. எண்ணைச் சுழற்றினால் அவன் எடுப்பான். எடுத்தால் என்ன சொல்வது? 'டின் திறப்பான் இருக்கிறதா' என்றா?

இந்த வருடம் மழை கெடுத்து அறுவடை தள்ளிப்போயிற்று. கிறிஸ்துமஸ் நெருங்கியும் லாரிகள் வரிசையில் நின்றன. கிடங்கு மூடிய அன்றே அவளுடைய தம்பி கெல்வின் தன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து சேர்ந்தான். கேரவனுக்கு வருடாந்தர வைத்தியம் அவன் கையால்தான். சக்கரங்களைக் கழற்றிப் பழைய கிரீஸை வழித்துப் புதிதாக அடைத்தான். எரிவாயு உருளைக்குப் பின்னால் குடித்தனம் நடத்திய சிவப்புமுதுகுச் சிலந்தியைத் துடைப்பத்தால் காலி செய்தான். நோலீன் மெத்தையை வெயிலில் போட்டாள். உள்ளே ஒரு சுண்டெலி, அப்பாவின் பழைய கம்பளிக் காலுறையைப் பிய்த்து அரண்மனை கட்டியிருந்தது. கடைசியில் விளக்குச் சோதனை. அவள் காருக்குள், அவன் கேரவனுக்குப் பின்னால்.

"பிரேக்க அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

"எரியல!"

"எரியும். நீ கண்ணத் திற!"

"கண்ணுக்குள்ள ஈ பூந்துருச்சு நோலி. அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

எல்லாம் எரிந்தன. காரின் பின்னால் கேரவனைப் பூட்டும் குமிழுக்குக் கிரீஸ் தடவி, பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்தைத் தொப்பியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்த கெல்வினின் கண்ணில், மேசைமேல் கிடந்த சுற்றுக்கம்பி பட்டது. கேரவனின் நான்கு மூலைக் கால்களையும் சுற்றிச் சுற்றித் தரையில் இறக்குகிற கம்பி அது. அது இல்லாவிட்டால் வண்டி சக்கரத்தின் மேலேயே நின்று, உள்ளே ஒருவர் தும்மினாலும் ஆடும்.

"இது ஏன் இங்க கெடக்கு?"

"எண்ணெ போட."

"எண்ணெ காலையிலேயே போட்டாச்சு. நான்தான் போட்டேன்." கெல்வின் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "போன வருஷம் டின் தொறக்கறது. அதுக்கு முந்தி மட்டக்கட்ட. நான் மெக்கானிக்குதான் நோலி, முட்டாளு இல்ல."

"ரெண்டாவும் இருக்கறவங்க நெறையப் பேரு உண்டு."

"அந்த மரம் அறுக்கற ஆளுக்கு ஒரு போனப் போட்டு, வர்றியா இல்லியான்னு கேட்டுட்டா வேல முடிஞ்சுது."

"வரலேன்னு சொல்லிட்டா?"

கெல்வின் எண்ணெய்க் கையாலேயே காதைச் சொறிந்தான். "வரலேன்னா இந்தக் கம்பி வேணும்ல? அதுக்குத்தான் சொல்றேன். சுத்தியல் இல்லேன்னா கல்லு இருக்கு. இது இல்லேன்னா ராவெல்லாம் தொட்டில்ல படுத்த மாதிரி ஆடிட்டுக் கெடப்ப."

"கம்பிய எடுத்துட்டுப் போனா, அவன் வர மாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிடா."

அதற்கு மேல் கெல்வின் பேசவில்லை. பேசாத கெல்வினை நம்பக் கூடாது என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கிளம்பினாள். ஊர் எல்லை வளைவில், கேரவனுக்குள் 'ணங்' என்றது. எடைமேடைக்காரியின் காதுக்குத் தெரிந்துவிட்டது, பாத்திரம் பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் அல்ல அது. ஓரம் கட்டி ஏறிப் பார்த்தாள். பெரிய வாணலிக்குள், துண்டில் சுற்றி, சுற்றுக்கம்பி படுத்திருந்தது.

தெருவோரம் நின்றாள். ஒரு பக்கம் அறுத்த வயல், மறுபக்கம் தூரத்தில் அராப்பிலீஸ் குன்று. கம்பி கையில் ஜில்லென்றிருந்தது. எடுத்துப்போவதுதான் புத்தி. வந்தால் வரட்டும், வராவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு தடவை கேரவன் கதவைத் திறந்தாள், இரண்டு தடவை மூடினாள். பிறகு விறுவிறுவென்று நடந்து போய், ஊர்ப்பெயர்ப் பலகையின் காலில் அதை மாட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் காரில் ஏறினாள். அந்தக் கோடை முழுவதும் அது அங்கேயே தொங்கியது. நகராட்சி ஏதோ காரணமாகத்தான் மாட்டியிருக்கிறது என்று ஊர்க்காரர்கள் மரியாதையோடு விட்டுவிட்டார்கள்.

ரோப்பில் அவள் இடம் அவளுக்காகக் காத்திருந்தது. பக்கத்து இடம் காலி. போன கோடையில் அவன் கேரவன் அழுத்திய தடத்தில் புல் முளைத்திருந்தது.

கேரவனைக் காரிலிருந்து கழற்றாமலே நிறுத்தினாள். அப்படியும் உள்ளே ஓர் அடி வைத்தால் ஆடியது. தேநீர் ஊற்றினால் கோப்பை வழுக்கிப் போய் எதிர்ப்பக்கம் நின்றது. கடல் காற்று அடித்த நேரங்களில், கரையில் இருக்கிறோமா கப்பலில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்தது. படுத்துப் புரண்டால் கேரவனும் கூடப் புரண்டது. ஆட்டத்தில் தூக்கம் வராது, தூக்கம் வராதபோது காது மண் சாலையிலேயே இருக்கும். ஒவ்வொரு வண்டி திரும்பும் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தாள். எல்லாம் வேறு வேறு எடை. அவனுடையது அல்ல.

எதிர் வரிசை மார்லீனுக்குப் பொறுக்கவில்லை. பால் பண்ணைக்காரி, மனதில் பட்டதைத் தட்டில் வைத்து நீட்டுகிறவள்.

"என்னடியம்மா, உன் வண்டி ராத்திரியெல்லாம் அந்த ஆட்டம் ஆடுது? முகாமே பேசுது. உள்ள யாரு?"

"நானும் காத்தும்தான்."

"காத்தா! நம்பறேன், நம்பறேன். கம்பி வேணும்னா எங்கிட்ட இருக்கு, எடுத்துக்கோ."

"வேணாம் மார்லீன். வருது."

"எது வருது?"

நோலீன் தேநீர் போடக் கேரவனுக்குள் ஏறினாள், வண்டி ஆடியது.

வருடத்தின் கடைசி நாள். காலையில் ஒரு புதிய கேரவன், மூன்று பிள்ளைகள், ஒரு படகு, ஒரு நாயுடன் வந்து நெவிலின் இடத்துக்குள் பின்பக்கமாக நுழைந்தது. நோலீன் முகாம் மேலாளரிடம் ஓடினாள்.

"இது வேற ஒருத்தர் எடமாச்சே!"

"அவரு வேணாம்னு சொல்லிட்டாரும்மா. முந்தாநாளு போன் வந்துச்சு. வண்டிய வித்துட்டாராம்."

"ஓ" என்றாள் நோலீன். இரண்டாவது முறை.

மத்தியானம் வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நினைத்துப் பார்த்தால் என்ன இருந்தது? ஒரு சுத்தியல், ஒரு பித்தளைத் துண்டு, கொஞ்சம் இறால் ஓடு. அவ்வளவுக்கா இவ்வளவு? பிறகு எழுந்து, ஆடும் கேரவனின் கதவைச் சாத்திவிட்டு, எதிர் வரிசைக்குப் போனாள்.

"கம்பியக் குடு மார்லீன்."

மார்லீன் நல்ல மனுஷி; கம்பியைக் கொடுத்து, தோளையும் ஒருமுறை அழுத்தினாள். நோலீன் அதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மண் சாலையில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். பேருந்து நிற்கும் கடைத்தெருவிலிருந்து நடை. ஒரு காலை இழுத்துப் போட்டான். தோளில் ஒரு மரப்பெட்டி, உள்ளே இரும்பு குலுங்கியது. பெட்டியைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் பாதி.

நோலீனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. கம்பியும் கூடப் போயிற்று.

நெவில் அவள் முன்னால் வந்து, பெட்டியை மண்ணில் இறக்கி, மூச்சு வாங்கினான். தொப்பியைக் கழற்றினான். பெட்டிக்குள் ரப்பர் சுத்தியல், பித்தளைத் துண்டு, மட்டக்கட்டை, டின் திறப்பான், இன்னும் என்னென்னவோ.

"வண்டி போயிருச்சு" என்றான். "இதையெல்லாம் வாங்கினவன்கிட்ட குடுக்கல. இந்த வருஷம் நீங்க எத மறந்துட்டு வந்திருப்பீங்கன்னு தெரியல. அதான் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

நோலீன் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை 'ஓ' வரவில்லை.

"சுத்துற கம்பி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற மார்லீன், நோலீனின் விரல்களிலிருந்து தன் கம்பியை மெல்ல உருவி, பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள். "ஆமாப்பா, பாவம்" என்றாள் உரக்க. "நானும் தேடிப் பாத்துட்டேன். இந்த முகாம் பூரா ஒரு கம்பி கெடையாது."

நெவில் பெட்டிக்குள் கையை விட்டான். அடியிலிருந்து கம்பி வந்தது. பிறகு தன் பழைய இடத்தில் ஓடும் பிள்ளைகளையும் நாயையும் பார்த்தான்.

"நாலு காலையும் எறக்கிக் குடுத்துட்டு, சாயங்காலப் பஸ்ல கெளம்பிடறேன்" என்றான். "எனக்குத்தான் எடம் இல்லையே."

நோலீன் அவன் முட்டியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், காற்றில் ஆடிக்கொண்டு நின்ற தன் கேரவனைப் பார்த்தாள்.

"நாலு காலையும் ஒரே நாள்ல எறக்கினா முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

நெவில் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல மண்டியிட்டு, கேரவனின் முதல் மூலையில் கம்பியைச் செருகி, அவசரமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தான்.