தேர்வுக்கு வந்த லாட்ஜ்

புத்தூர் ஸ்வர்ணலதா ஒரு வருடமாக வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். பழகச் செய்த பக்கங்களைப் போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து விண்ணப்பித்ததும், திருப்பதியில் ஒரு சிறு நிறுவனம் அவளுக்குத் தேர்வு வைத்தது. ஒரு லாட்ஜுக்கு முழு இணையதளம் செய்து தர வேண்டும்.

அறைகளின் புகைப்படங்களோடு லாட்ஜின் போன் நம்பரும் வந்திருந்தது. வெறும் தேர்வுக்கு நிஜமான நம்பர் எதற்கு என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முக்கால்வாசி முடித்த பிறகு அந்த நம்பருக்கே போன் செய்து, இணையதளம் பற்றிக் கேட்டாள்.

"ஒரு மாசமா இதோ அதோன்னு சொல்லிக்கினு கீறீங்களே, எப்பம்மா முடியும்?" என்றார் லாட்ஜ் மேனேஜர் ஏழுமலை.

"அத செய்யறது நான்தான் சார். ஆனா அந்த கம்பெனி டெஸ்ட்டுன்னு சொல்லித்தான் செய்ய வெச்சாங்க, எனக்கு இன்னும் வேலையே குடுக்கல."

"நீ சொல்றத எப்பிடி நம்பறது?"

ஸ்வர்ணலதா தளத்தின் லிங்கை அனுப்பினாள். "எதனா மாத்தச் சொல்லுங்க, இப்பவே மாத்தறேன்."

லாட்ஜின் பெயரைச் சிவப்பாக்கச் சொன்னார். அடுத்த நிமிடம் அது சிவப்பானது.

தேர்வு முடிந்ததா என்று நிறுவனம் இருமுறை கேட்டது. அவள் பதில் போடவில்லை. ஏழுமலை வேலையை அவளிடமே கொடுத்தார். பணம் எவ்வளவு என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதியை முடித்தாள்.