கோழிக்கழிவு தின்ன வந்த முதலை

பிள்ளைகளா, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் எங்கள் பஸ் ஓர் ஏரிக்கரையில் நிற்கிறது. ரோட்டை அடைத்துக் கூட்டம். கரைச் சரிவில் ஆள் நீளத்துக்கு ஒரு முதலை கிடக்கிறது. வனத்துறை ஆட்கள் மூன்று பேர் கயிறோடு அதை நெருங்குகிறார்கள். நானும் பயந்துகொண்டே இறங்குகிறேன்.

யாரோ விசிலடிக்கிறார்கள். முதலை வாலை வீசுகிறது. வனத்துறை ஆட்களில் ஒருவர் சறுக்கி விழுகிறார். அதன் வாய்க்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கிறது.

"விசிலடிச்சவன் வந்து புடிடா, பாக்கலாம்!" என்று கத்துகிறார் அவர்களில் மூத்தவர். கூட்டம் அடங்குகிறது. அவர் ஈரச் சாக்கை முதலையின் கண்மேல் போட்டதும் அது அசையாமல் கிடக்கிறது. வாயைக் கட்டிவிடுகிறார்கள்.

பக்கத்தில் துணி மூட்டையோடு நிற்கிற அம்மாவிடம், "இனிமே பயமில்லையே?" என்கிறேன்.

"இன்னொண்ணு வராதாங்க? ஏரி மீனு குத்தகை எங்க ஊட்டுக்காரரோடது. மீனு கொழுக்கணும்னு தெனம் கோழிக்கழிவ கொட்டிக்கினு கீறாரு. விருந்து வச்சிக் கூப்ட்டதே நாங்கதான்."

மூத்தவர் காதில் அது விழுகிறது. "கொட்றத நிறுத்தச் சொல்லும்மா. துணிய பம்புசெட்ல தொவைங்க. இன்னொண்ணு வந்தாலும் அது பாட்டுக்கு அது இருக்கும், உங்க பாட்டுக்கு நீங்க இருக்கலாம்."

அந்த அம்மா ரோட்டுப் பக்கம் திரும்புகிறார். அங்கே அவர் வீட்டுக்காரர், பைக்கில் கழிவு டிரம்மோடு.

"கேட்டியாய்யா? வண்டியத் திருப்பு. நாளைக்கு தண்ணில எறங்கப் போறது நானு."

அவர் ஏரியையே பார்க்கிறார். டிரைவர் ஹாரன் அடிக்க, நான் ஓடி ஏறுகிறேன். பஸ் நகர்கிறது. பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வருகிறேன். அவர் இன்னும் வண்டியைத் திருப்பவில்லை.