துனியின் வெண்கலக் கிண்ணம்

ஹாடிபந்துவுக்கு அந்தப் பெயர் வந்ததே எமனை ஏமாற்றத்தான். மூத்ததெல்லாம் தொட்டிலோடு போய்விட, இவனை ஹாடி சாதிக்காரி ஒருத்திக்கு ஒரு பிடி நொய்யரிசிக்கு விற்றுத் திரும்ப வாங்கினாள் அம்மா. இன்னொருத்தி பிள்ளை என்று எமன் தாண்டிப் போய்விடுவானாம். போய்விட்டான். பட்டறையில் யாராவது சண்டைக்கு வந்தால், "நொய்க்கு வந்த பய" என்று அவனே முதலில் தன்னைத் திட்டிக்கொண்டு எதிராளியின் வாயை அடைத்துவிடுவான்.

பாலகாட்டியில் வெண்கலம் அடிக்கும் கன்சாரி அவன். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் தட்டை நாலு பேர் சுற்றி நின்று மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவன் தாளம் பிசகினால் அடுத்தவன் விரல் காலி. தாளம் பிடிக்க மற்றவர்கள் ஜெகந்நாதரைக் கூப்பிடுவார்கள். இவன் முதலாளியின் மாமியார்மேல் பாட்டுக் கட்டுவான்.

மகள் துனிக்கு முதல் சோறு ஊட்ட அவனே ஒரு கிண்ணம் அடித்துக்கொடுத்தான். அவள் அதில் தின்றதைவிட வாசற்படியில் தட்டியதுதான் அதிகம். விளிம்பில் ஒரு வடு விழுந்தது. மூன்று வயதில் காய்ச்சல் வந்து துனி போய்விட்டாள். அவளை யாருக்கும் விற்று வாங்கத் தோன்றவில்லையே என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மனைவி செபதி அதன்பிறகும் அவனைத் 'துனி அப்பா' என்றுதான் கூப்பிட்டாள். சாயங்காலமானால் கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, நாதம் அடங்கும்வரை காதில் வைத்திருந்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். ஒருநாள் புளி பட்ட கையிலிருந்து வழுக்கி விழுந்தது. மயிரிழை விரிசல்தான். ஆனால் தட்டினால் கட்டைச் சத்தம். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. மறுநாளும் இல்லை.

கன்சாரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். விரிசல் விட்ட வெண்கலம் ஒட்டாது. உருக்கி மறுபடி அடிக்கலாம். செபதி குளத்துக்குப் போன நேரம் பார்த்து அவன் கிண்ணத்தை எடுத்துப் போனான். ஒரு கைப்பிடி உலோகத்துக்குத் தனி உலை யார் மூட்டுவார்கள்? கல்யாணத் தட்டுகளுக்காக வெண்கலம் உருகிக்கொண்டிருந்த மண் மூசையிலேயே போடச் சொன்னான்.

உலை ஊதும் பையன் நபகன தயங்கினான். "வீட்ல சொல்லிட்டியாண்ணா?"

"புதுசப் பாத்தா அவளே சிரிப்பா. போடுடா."

அன்றைக்கு மட்டும் முதலாளியின் மாமியார் தப்பித்தாள்.

புதுக் கிண்ணத்தைச் செபதி தட்டிப் பார்த்தாள். நீளமாக, நன்றாகவே பாடியது. பிறகு விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள். மறுபடி தடவினாள்.

"அவ தட்டுன வடு எங்க?"

கல்யாண வெண்கலத்தோடு சேர்த்து உருக்கியதை அவன் சொன்னான். ஆரம்பிக்கும்போது இருந்த பெருமை முடிக்கும்போது இல்லை.

"மிச்சம் எங்க போச்சு?"

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் சீர்த் தட்டாகப் போயிருந்தது.

"என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். 'துனி அப்பா' என்று கூப்பிடவில்லை.

அழையாத கல்யாணம். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளைக்குத் தூரத்து மாமா என்றும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணுக்குத் தூரத்துச் சித்தப்பா என்றும் சொல்லி அவளை உள்ளே கூட்டிப் போனான். சீர்த் தட்டுகள் அடுக்கிப் பளபளத்தன. செபதி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக் காது கொடுத்தாள்.

பெண்ணின் அத்தை பார்த்துவிட்டாள். "என்னம்மா, கலப்படமான்னு சோதிக்கிறியா? பாலகாட்டிச் சரக்காக்கும்."

செபதி கடைசித் தட்டை முந்தானையால் துடைத்து அடுக்கினாள். "நல்ல வெண்கலந்தாங்க. துலக்கறப்ப கை வழுக்கும். கீழ போட்டுராம வச்சுக்கச் சொல்லுங்க பொண்ணுகிட்ட."

புதுக் கிண்ணத்தில் இப்போது பாக்கு வைத்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும், "ஏங்க, பாக்கு வேணுமா?" என்று நீட்டுவாள். அவள் இன்னொரு தரம், பழையபடி கூப்பிடுவாளோ என்று ஹாடிபந்து கொஞ்சநேரம் காத்திருப்பான். பிறகு வேண்டாம் என்று தலையாட்டுவான்.