கடுவன் பூனை என்று நான் சொன்னது

காட்டில் திரியும் புலியை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம், மலையேறினால் தேக்கடி. நான்கு தடவை படகில் போய் யானை, காட்டுமாடு, நீர்நாய் எல்லாம் பார்த்தாயிற்று. புலி மட்டும் முகம் காட்டவில்லை. போன வருடம் அறுப்பு முடிந்து, கொடிகளைக் கவாத்து வெட்ட இன்னும் நாள் இருந்த சமயம் கிளம்பினோம். வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "முழங்காலு முன்ன மாதிரி இல்ல. இதான் கடைசி. இனிமே கூப்பிடாதீக."

இந்த முறை காட்டுக்குள் நடந்து, பிறகு மூங்கில் தெப்பத்தில் போகும் பயணம். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிவிட்டார்கள். வழிகாட்டிக்குத் தமிழ் வரவில்லை. அதனாலென்ன, நான் இருக்கிறேனே! கேரள வியாபாரிகளிடம் வருடக்கணக்காகப் பழம் விற்றவன். விலை, எடை, வண்டி வரும் நேரம் எல்லாம் மலையாளத்தில் சரளமாகப் பேசுவேன். மற்றதும் வரும் என்றுதான் ஜம்பமாக இருந்தேன்.

ஏரிக்கரைச் சேற்றில் ஒரு தடத்தைக் காட்டி வழிகாட்டி, "கடுவா" என்றார்.

"கடுவன் பூனையாம்," என்று உடனே மனைவிக்கு மொழிபெயர்த்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். தடம் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது.

"இம்புட்டுப் பெருசாவா?"

"காட்டுப் பூனைன்னா அப்படித்தான் இருக்கும். பேசாம வா."

தெப்பத்தில் ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வழிகாட்டி துடுப்பை நிறுத்தி, "கடுவா, கடுவா" என்று கிசுகிசுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. புலி பார்க்க வந்த இடத்தில் மறுபடியும் பூனையா? "ஒண்ணுமில்ல, பூனைதான்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, நெகிழ்ந்திருந்த கால் உறையைக் கட்டக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிர்க்கரையில் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, புலி. நெசப் புலி. தண்ணி குடிச்சுட்டு நம்மளப் பாத்துச்சு," என்றாள். கண் நிறைந்திருந்தது.

வழிகாட்டி என் முழியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தன் கையில் விரலால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டி "புலி" என்றார். பிறகு கோடு கோடாக இழுத்துக் காட்டி "கடுவா" என்றார். நம் சிறுத்தைதான் அவர்களுக்குப் புலி. நம் புலிக்கு அங்கே கடுவா என்று பெயர். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான்தான் பூனைன்னு சொன்னேன்ல? பெறகு ஏன் திரும்பிப் பாத்த?"

"நீங்க எதச் சொன்னாலும் நான் ஒரு தடவ பாத்துட்டுத்தான் தலையாட்டுவேன். இருவது வருசமா அப்படித்தான்."

இது எனக்கு அன்றுதான் தெரியும். மலை இறங்கும் பஸ்ஸில், புலி எப்படி நின்றது, எப்படித் திரும்பியது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பார்க்காமலே தலையாட்டிக்கொண்டு வந்தேன்.