புளியமரத்தடியில் பழுப்புத் தூள்

மரத்தை அரித்துத் தின்னும் காளான்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது என் வேலை; பூச்சிக்கோ பாம்புக்கோ பெயர் சொல்லிப் பிழைக்கும் சக வேதனைக்காரர்களே, நம்மிடம் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

வதக்கலாமா?

திருத்தணியில் கல்லூரி முடிந்து திரும்பும்போது கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்க இறங்கினேன். கடைக்கு நிழல் தரும் புளியமரத்தின் அடியில், வார்னிஷ் பூசியதுபோல் பளபளவென்று ஐந்தாறு செம்பழுப்புக் காளான்கள் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை அறுத்தெடுப்பதற்குள் கத்தி மழுங்கிவிட்டது. கடைக்காரர் வரதன் பாய்லரை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், மிளகு போட்டு வதக்குனா நல்லா இருக்குங்களா?”

பெஞ்சுமேல் அழுக்கு

பார்த்தால் கனோடெர்மா என்ற மரம் அரிக்கும் காளான் போலிருந்தது. ஆனால் பார்வையை மட்டும் நம்பிப் பெயர் எழுத முடியாது. அதன் வித்துத் தூளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அறுத்த துண்டை வெள்ளைத்தாள்மேல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரு பொட்டுத் தூள் உதிரவில்லை.

மறுபடி கடைக்குப் போய்ப் புலம்பினேன். களையெடுக்கப் போகும் வழியில் டீ குடிக்க வந்த முனியம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மரத்தை ஒட்டிய பெஞ்சை மட்டும் அவர் தினமும் துடைத்துவிட்டு உட்காருவாராம். எதிர் பெஞ்சில் அந்த அழுக்கு கிடையாதாம். விரலால் வழித்துக் காட்டினார். கோகோ பவுடர் மாதிரி பழுப்புத் தூள்! மைக்ராஸ்கோப்பில், ஒவ்வொரு வித்துக்கும் ஒரு முனை வெட்டிவிட்டதுபோல் இருந்தது. கனோடெர்மாவேதான். மறுநாள் ஓடிப்போய் முனியம்மாவிடம் சொன்னேன்.

“ஆங், அதுவா? பத்து நாளா என் சீலைல ஒட்டிகினு கீது, நீங்க இன்னாடான்னா பேப்பர்ல தேடிகினு கீறீங்க!”

களைக்கொட்டு

இந்தக் காளான் வந்த மரம் உள்ளுக்குள் இற்றுப்போகும். வரதனிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்து, “இலை பச்சையா கீதுங்களே” என்றார். முனியம்மா தன் களைக்கொட்டைத் திருப்பிப் பிடித்து மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கடைப் பக்கம் வந்ததும், வெறும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் மாறியது. “கேட்டியா நைனா?” என்றார். அவ்வளவுதான். வரதன் அன்றைக்கே அடுப்பையும் பெஞ்சுகளையும் சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார்.

நாலாம் நாள் மதியம், மழைக்காற்றில் மரம் சாய்ந்தது, சரியாகப் பழைய பெஞ்சு இருந்த இடத்தில். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் போனபோது வரதன், பஞ்சாய் நொறுங்கிய கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நீங்க சொன்னப்ப வராத பயம், அக்கா தட்டுனப்ப வந்துச்சுங்க.”

இப்போது அந்தப் பக்கத்தில் காளான் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னைத் தாண்டிப்போய் முனியம்மாவைத்தான் கேட்கிறார்கள், நானும்தான்.