மாப்பிள்ளை வீட்டுக்கு அதிகாரி வந்த காலை

எங்கள் சந்தில் வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் அவர் பெயர் மாப்பிள்ளைதான். பெண் கொடுத்த வீட்டுக்கு மட்டுமல்ல, சந்து முழுவதற்கும், சந்து முனையில் படுத்துக் கிடக்கும் நாய்களுக்கும்கூட அவர் மாப்பிள்ளை. லாவோஸ் எல்லையில் இருக்கும் எங்கள் நோங்காய் நகரத்தில் மேகாங் ஆற்றங்கரையோரமாக இப்படிப்பட்ட மாப்பிள்ளைகள் கணிசமாக உண்டு. பலரும் பிரிட்டனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். வெயிலுக்குப் பயப்படுவார்கள், அதைவிட அதிகமாகக் குடியேற்ற அலுவலகத்துக்குப் பயப்படுவார்கள்.

இவர்களில் பரம சாது கிளிஃபர்ட் தாக்ரே. ஹடர்ஸ்ஃபீல்டில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஆள் ஆறடிக்கு மேல். எங்கள் பாஷையை மனைவி லம்துவனிடம் மட்டுமே கற்றதால், பெண்கள் பேச்சின் முடிவில் மரியாதைக்குச் சேர்க்கும் ‘கா’வை அவரும் தவறாமல் சேர்ப்பார். அந்த உடம்பிலிருந்து அந்தக் ‘கா’ வரும்போது சந்தைக்காரிகள் தக்காளியை எடைக்கு மேலேயே போட்டுக் கொடுத்தார்கள். அவரை யாரும் திருத்தவில்லை. இவ்வளவு நல்ல பொழுதுபோக்கைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

எங்கள் அரசாங்கம் தாராள மனசு கொண்டது. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டானை, அந்தப் பெண்ணின் முகத்துக்காக, ஒவ்வொரு வருடமாக நாட்டில் இருக்க விடுகிறது. பதிலுக்கு அவன் வருடந்தோறும் தான் புருஷன்தான் என்று நிரூபிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மனைவியோடு வாசலில், கூடத்தில், கட்டிலில் உட்கார்ந்து படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் அதிகாரியே வீட்டுக்கு வந்து பார்ப்பார், பக்கத்து வீட்டில் சாட்சி கேட்பார். உள்ளூர்ப் புருஷன்களுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. இருந்திருந்தால் எங்கள் சந்தில் பாதிப் பேரை இந்நேரம் நாடு கடத்தியிருப்பார்கள்.

பத்து வருடம் கிளிஃபர்ட் இதில் முதல் வகுப்பில் தேறினார். பதினோராவது வருடம், மனு போட்டுவிட்டு அதிகாரியின் வருகைக்குக் காத்திருந்த சமயத்தில், அறிவை வளர்த்துக்கொள்ளப் போய் மாட்டிக்கொண்டார்.

ஆற்றங்கரைக் காப்பிக்கடையில் வியாழக்கிழமைதோறும் பிரிட்டிஷ்காரர்கள் சங்கம் கூடும். அங்கே ஜெரால்டு என்றொரு சட்ட மேதை உண்டு. முன்பு பிரிட்டனில் தரைவிரிப்பு விற்றவர். சட்டத்தை அவர் பெரும்பாலும் பீர் பாட்டில் திறக்கும் நேரங்களில் கற்றார். அன்று அவர் உபன்யாசத்தின் பொருள் நிலம். “நிலம் உன் பேர்ல இருக்க முடியாது, கிளிஃப். வீடு உன் காசு, மண்ணு அவளோடது. நாளைக்கே அவ செத்துப்போறான்னு வையி, அவளோட அண்ணன் தம்பிங்க உன்னைப் பொட்டியோட ரோட்டுல நிறுத்துவாங்க. ஆயுளுக்கும் அனுபவிக்கிற உரிமைன்னு ஒண்ணு இருக்கு. நில அலுவலகத்துல பதிஞ்சுக்கோ. இன்னைக்கே கையெழுத்து வாங்கு.”

அதில் தப்பொன்றும் இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டு வீட்டை விற்ற காசுதான் இங்கே சுவராகவும் கூரையாகவும் நின்றது. திரும்பிப் போக அங்கே ஒரு கதவுகூட மிச்சமில்லை. கிளிஃபர்ட் நேரே வீட்டுக்கு வந்தார். லம்துவன் கத்தியால் பச்சைப் பப்பாளியைக் கொத்திச் சீவிக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரிந்த பாஷையில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்:

“லம், நீ செத்த பிறகு நான் இங்க இருக்கணும். அதுக்கு நீ இப்பவே கையெழுத்துப் போடணும், கா.”

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் சாவைப் பற்றி எவரும் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. சொன்னால் சாவு வாசலில் நின்று கேட்டுக்கொள்ளும். அதுவும் கத்தி கையில் இருக்கும் பெண்ணிடம்! லம்துவன் கத்தியைக் கீழே வைத்தாள். சந்தில் எல்லோரும் அதைப் பெரிய பெருந்தன்மை என்றே கருதினோம். பப்பாளியை அப்படியே விட்டுவிட்டு, துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு, ஃபோன் பிசாய் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாரங்கள் ஓடின. அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய தொலைபேசி அடித்தது. பேசியது குடியேற்ற அலுவலகத்தின் விரோஜ். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார், கணவனும் மனைவியும் வீட்டில் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு சாட்சியும் வேண்டும்.

கிளிஃபர்ட் வேலியோரமாக வந்து நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் உரைவன் அக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அரசாங்கத்துக்குக் கொடுத்த காகிதத்தில் சாட்சி அவள்தான்.

“அக்கா, நாளைக்கு அதிகாரி வருவாரு, கா. லம் இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க, கா.”

“எங்க இருக்கா? கோழிக்கூண்டுலயா?”

“சந்தைக்குப் போயிருக்கான்னு சொல்லலாம்.”

“மூணு வாரமா என்ன வாங்குறா மாப்பிள்ளே, சந்தையையேவா?” உரைவன் அக்கா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “அதிகாரிகிட்டப் பொய் சொன்னா என்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க. எனக்கு மூட்டு வலி. போய் அவ கால்ல விழுங்க.”

“போன்ல விழுந்தேன். எடுக்கல.”

மனு நிராகரிக்கப்பட்டால் சில நாட்களுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆற்றின் மேலே பாலம் தெரிகிறது, அந்தப் பக்கம் லாவோஸ். ஒரு பெட்டியோடு அந்தப் பாலத்தைக் கடந்தால் அப்புறம் எங்கே? ஓய்வூதியம் உண்டுதான். ஆனால் இங்கே வாழ்கிறவனுக்கு பிரிட்டன் அரசாங்கம் அதை வருடா வருடம் உயர்த்தித் தருவதில்லை. முதல் மாதம் எவ்வளவோ, கடைசி மாதமும் அவ்வளவுதான். ஊர் திரும்பினால் உயர்த்தித் தருவார்கள், ஆனாலும் அந்தக் காசில் ஹடர்ஸ்ஃபீல்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கலாம், குளிருக்கு அந்த அறையைச் சூடாக்கக் காசு மிஞ்சாது.

மறுநாள் விடியும்போதே கிளிஃபர்ட் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டார், தனியாளாக. குளியலறையில் இரண்டாவது பல்துலக்கி வந்து நின்றது. வாசலில் பெண் செருப்பு. அலமாரியில் லம்துவன் விட்டுப்போன பாவாடைகளைத் தேடி எடுத்து, துவைத்து, ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டார். அதில் ஒன்று அவளுடைய கல்யாணப் பட்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. சலவை இயந்திரத்துக்கும் தெரியவில்லை.

விரோஜ் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். இளவயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடை, கையில் கோப்பு. வாசலில் காலணியைக் கழற்றும்போதே பெண் செருப்பைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

“அம்மா எங்க சார்?”

“சந்தைக்குப் போயிருக்கா, கா.”

‘கா’வைக் கேட்டும் அதிகாரி சிரிக்கவில்லை. எங்கள் சந்தில் முதன்முறையாக ஒருவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் வேலிக்குப் பின்னால் நின்ற நாங்கள் இன்னும் நெருங்கி வந்து காது கொடுத்தோம்.

“இந்தத் துணியெல்லாம் அவங்க துவைச்சதா?”

“ஆமா. காலையில.”

“துவைச்சுட்டுச் சந்தைக்குப் போனாங்க.”

“ஆமா.”

விரோஜ் ஏதோ எழுதினார். பிறகு உரைவன் அக்காவைக் கூப்பிட்டார். அவள் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவள்போல வந்து உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, லம்துவனை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

உரைவன் அக்கா கிளிஃபர்டைப் பார்த்தாள். கிளிஃபர்ட் தரையைப் பார்த்தார்.

“எனக்குக் கண்ணுல புரை தம்பி. யாரையும் சரியாப் பார்க்கிறதே இல்ல.”

“சரி. நான் காத்திருக்கேன். சந்தை என்ன பெரிய தூரமா, வந்துடுவாங்க.” விரோஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கிளிஃபர்ட் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. கொடியிலிருந்து பட்டின் சாயம் சொட்டுச் சொட்டாக சிமெண்டுத் தரையில் விழுந்தது. கிளிஃபர்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் விரோஜ்தான் கோப்பை மூடினார்.

“சார், உங்களுக்குப் போன் பண்ணின மாதிரி நேத்து அவங்களுக்கும் பண்ணினேன். எங்க காகிதத்துல அவங்க நம்பரும் இருக்கு. ஃபோன் பிசாயில தங்கச்சி வீட்டுல இருக்கிறதா அவங்களே சொன்னாங்க.” குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “புருஷன் பொண்டாட்டி சண்டை போடுறது குத்தம் இல்ல. எங்க வீட்லயும் உண்டு. ஆனா நீங்க என்கிட்ட இதோட மூணு பொய் சொல்லிட்டீங்க. இதை நான் எழுதணுமா வேண்டாமா?”

கிளிஃபர்ட் வாசலுக்குப் போய்ப் பெண் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

அந்த நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தங்கை ஓட்ட, பின்னால் பையோடு லம்துவன். இறங்கினாள். அதிகாரியைக் கும்பிட்டாள். புருஷனைப் பார்க்கவே இல்லை. பார்த்தது கொடியை.

“அய்யோ! என் கல்யாணப் பட்டு! யாரு இதை மெஷின்ல போட்டது?”

“நான், கா.”

“உங்களுக்கு அறிவு இருக்கா? பஸ்ஸைக் கழுவுற மாதிரி கழுவிட்டு நிக்கிறீங்க! இது என் அம்மா கையால நெய்து கொடுத்தது! சந்தையில வாங்கினதுன்னு நினைச்சீங்களா? இருங்க, அதிகாரி போகட்டும்!”

உரைவன் அக்காவுக்குப் புரை விலகியது. “இதோ தம்பி, இப்பத் தெளிவாப் பார்க்கிறேன். இவதான் லம்துவன்.”

விரோஜ் கையைக் காட்டி அமர்த்தினார். “அம்மா, உக்காருங்க. வீட்டை விட்டுப் போனீங்களா?”

“போனேன்.”

“ஏன்?”

“நான் செத்த பிறகு வீடு வேணும்னு கையெழுத்துக் கேட்டாரு. நான் உயிரோட பப்பாளி சீவிட்டு இருக்கும்போது! நான் எப்பச் சாவேன்னு காத்துட்டு இருக்கிற ஆளோட எப்படிச் சாப்பிடுறது?”

“என்ன கையெழுத்து?”

கிளிஃபர்ட் மேசை இழுப்பறையிலிருந்து ஜெரால்டு கொடுத்த, இன்னும் நிரப்பாத படிவத்தை எடுத்து நீட்டினார். விரோஜ் படித்தார், ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

“அம்மா, இதுல உங்க சாவு எங்கயுமே இல்ல.”

“இல்லையா?”

“இல்ல. இவர் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுல இருக்கலாம். இவர் போயிட்டா உரிமையும் போயிடும். இதுல சொல்லியிருக்கிறது இவர் ஆயுசு மட்டும்தான். நிலம் எப்பவும் உங்களோடதுதான்.”

லம்துவன் காகிதத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இதுல சாகப்போறது இவரா? இதை முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே!”

வேலிக்குப் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். விரோஜ் சிரிக்கவில்லை. அவர் கிளிஃபர்டின் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பும் நின்றது.

“இப்ப நீங்க சொல்லுங்க சார். ஏன் பொய் சொன்னீங்க?”

கிளிஃபர்ட் சொன்னார்: “எனக்கு வேற வீடு இல்ல. அவளுக்கு வேற புருஷன் கிடைக்கும். எனக்கு வேற லம் கிடைக்க மாட்டா. பயந்துட்டேன், கா.”

லம்துவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இந்தக் கிழவனுக்கு முன்னாடியே இதைச் சொல்லத் தெரியல” என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு அதிகாரியிடம், “எழுதுறதா இருந்தா எழுதுங்க தம்பி. பொய் சொன்னது தப்புதான். ஆனா நான் வந்துட்டேன், போகப்போறதில்ல. அதையும் சேர்த்து எழுதுங்க” என்றாள்.

விரோஜ் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். “நான் வந்தபோது மனைவி இல்ல. பிறகு வந்தாங்க. புருஷனைத் திட்டினாங்க. சாட்சி அடையாளம் காட்டினாங்க. நான் கண்ணால பார்த்தது அவ்வளவுதான்.” எழுதிக்கொண்டார். “படம் எடுக்கணும். பக்கத்துல உக்காருங்க.”

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.

“இன்னும் பக்கத்துல.”

லம்துவன் ஒரு சாண் நகர்ந்தாள். கிளிஃபர்ட் மூச்சு விடவில்லை. படத்தில் இரண்டு பேரும் ஏதோ தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதிகள் மாதிரிதான் விழுந்தார்கள். விரோஜ் பார்த்துவிட்டு, “போதும், இது கல்யாணப் படம்தான்” என்று எழுந்தார்.

மாதக் கடைசியில் முத்திரை கிடைத்தது, ஒரு வருடத்துக்கு. அதற்கு முன்பே இருவரும் நில அலுவலகத்துக்குப் போய் அந்த உரிமையைப் பதிந்துவிட்டு வந்துவிட்டார்கள். பேச்செல்லாம் லம்துவன். கிளிஃபர்ட் வாயைத் திறக்கக் கூடாது என்பது முன்கூட்டியே போட்ட ஒப்பந்தம். முத்திரை குத்திய கடவுச்சீட்டை அவள் வாங்கிப் புரட்டினாள், தேதியைப் பார்த்தாள், இரும்பு அலமாரியில் தன் நகைகளோடு வைத்துப் பூட்டினாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும்.”

செய்தி சங்கத்துக்குப் போனது. இது சட்டவிரோதம் என்று ஜெரால்டு மேசையைத் தட்டினார். அடுத்த வியாழக்கிழமை உபன்யாசத்தின் தலைப்பு, ‘மனைவியின் பூட்டுக்குள் கணவனின் கடவுச்சீட்டு: உங்கள் உரிமைகள்’. கூட்டம் நிரம்பி வழிந்ததாகச் சொல்கிறார்கள். கிளிஃபர்ட் வரவில்லை. அன்று சாயம் போன பட்டுக்குப் பதில் வேறொரு பட்டு எடுக்க, பையைத் தூக்கிக்கொண்டு, மனைவிக்கு ஓரடி பின்னால் சந்தைக்குப் போயிருந்தார்.